கம்பத்துக்கு எதுக்கு சார் ஹீட்டர்?

தேனிப் பக்கம் பழைய அம்பாஸடர் வைத்திருக்கிறவரிடம், 'ஹீட்டர் வால்வை ரிப்பேர் பண்ணுங்க சார்' என்று சொல்லிப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார். "ஏன், அடிக்கிற வெயில் பத்தாதா?"

நியாயம்தான். ஆனால், லோயர் கேம்ப் தாண்டி, பெரியாறு மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடி குமுளி மலையில் செகண்ட் கியரில் ஏறும்போது, டெம்பரேச்சர் முள்ளும் கூடவே ஏறுமே... அப்போது தெரியும் அருமை!

ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற குட்டி ரேடியேட்டர். வால்வைத் திறந்தால் என்ஜினின் வெந்நீர் அதற்குள் ஓடும். ஃபேனைப் போட்டால் சூடு காருக்குள் வந்துவிடும். உங்களுக்கு வேர்த்து ஊற்றும். என்ஜின் பிழைக்கும்!

வால்வு ஒழுகினால் ஹோஸைப் பிடுங்கி அடைத்துவிடுகிறார்கள். பாவம் அது. அம்பாஸடர் உற்பத்தியே 2014-ல் நின்றுபோச்சு, இருக்கிறதைக் காப்பாற்றுங்கள். பித்தளை வால்வு என்றால் என்ஜின் ஆறியதும் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஆமாம், குத்துவிளக்கு தேய்க்கிற அதே புளிதான். போர்த் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் படிந்த உப்பு இளகும். உள்ளே இருக்கிற ரப்பர்தான் வில்லன். வருஷக்கணக்கில் வெந்து அப்பளமாகியிருக்கும். கையில் கிடைத்த டியூபை வெட்டி வைக்காமல், வெந்நீருக்கும் கூலன்ட்டுக்கும் ஈடுகொடுக்கிற ஈ.பி.டி.எம். ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். கேஸ்கட்டும் புதுசு.

மாட்டுமுன் சுத்தமான டியூப் ஒன்றைச் சொருகி ஊதுங்கள். மூடியிருந்தால் காற்று போகவே கூடாது.

மலையில் முள் சிவப்பைத் தொட்டால், ஹீட்டரைத் திறந்துவிட்டு ஓரங்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வேண்டாம், சாமி!