துடுப்பும் மின்கலமும்: கையடக்கக் கடல் வானொலியின் மின்வலு பற்றி

ஒரு கருவி எத்தகைய சமூகத் தேவையினின்றும் தோன்றுகின்றதோ அத்தேவையின் முத்திரையைத் தாங்கியே நிற்கும். கடல் வானொலி கப்பலுக்கெனப் பிறந்தது. கப்பலின் இயந்திரமே அதன் மின்வலுவுக்கு ஊற்று. இயந்திரமற்ற கயாக் படகுக்கு அது கையடக்க உருவில் வந்து சேர்ந்தபோது மின்வலு தனிப் பிரச்சினையாயிற்று. (கயாக் ஆதியில் ஆக்டிக் பிரதேசத்து இனுவிற் மக்களின் வேட்டைச் சாதனம் என்பதும், இன்று அது பெரிதும் ஓய்வுநேர நுகர்பொருளாகிவிட்டது என்பதும் தனியே ஆராயத்தக்கவை.)

ஸ்கொத்லாந்தின் மேற்கே, ஹெப்ரிடீஸ் தீவுகளிடையே நான்கைந்து நாள் துடுப்பு வலித்துச் செல்வோரை எடுத்துக்கொள்வோம். ஆளற்ற கரைகளிற் கூடாரமடிக்கும் அவர்களுக்கு மின்னிணைப்புக் கிடையாது. தொலைபேசி அலை எட்டாத இடங்களும் உள. ஆபத்து நேரின் 16ஆம் அலைவரிசையில், அதாவது 156.8 மெகாஹேர்ட்சில், கரையோரக் காவற் சேவையை அழைத்தல் வேண்டும். மின்கலம் வெறுமையாயின் குரலும் இல்லை.

கருவியின் பெட்டியில் அச்சிடப்படும் மணித்தியாலக் கணக்கு இங்கு நம்மை ஏமாற்றவல்லது. பொதுவாக அக்கணக்கு, நேரத்தில் 5 வீதம் பேச்சு, 5 வீதம் கேட்டல், 90 வீதம் மௌனம் என்ற அனுமானத்தின் மீது நிற்பது. 5 உவாற்று வலுவிற் பேசும்போது ஏறத்தாழ ஒன்றரை அம்பியர் செலவாகும். மௌனக் காத்திருப்பிற் செலவாவது அதன் சிறு பின்னமே. ஆபத்தில் மனிதர் மௌனமாயிருப்பதில்லை. மறுபுறம், தோழர்களுடன் உரையாட 1 உவாற்றே போதும். அலை செல்லும் தூரத்தைக் கடல்மட்டத்திற் பெரிதும் தீர்மானிப்பது வலுவன்று, அலைவாங்கியின் உயரமே. நீரிலிருந்து 1 மீற்றர் உயரத்திலுள்ள இரு கருவிகளிடையே எட்டுக் கிலோமீற்றரே எல்லை.

7.4 வோல்ற்று, 1800 மில்லியம்பியர்-மணி கொண்ட இலித்தியம் மின்கலப் பொதியின் கொள்ளளவு ஏறத்தாழ 13 உவாற்று-மணி. 3.7 வோல்ற்றில் 10,000 மில்லியம்பியர்-மணி எனக் குறிக்கப்படும் பவர்பாங்க் 37 உவாற்று-மணி கொண்டது. மாற்றீட்டு இழப்புப் போக இருமுறை மின்னேற்ற உதவும். ஆயின் வானொலி யூ.எஸ்.பி. வழி மின்னேற்றத்தை ஏற்க வேண்டுமே! வீட்டு மின்சாரத்தையோ 12 வோல்ற்று இணைப்பையோ எதிர்பார்க்கும் மின்னேற்றிகள் பல, வாங்குபவனிடம் பாய்மர உல்லாசப் படகோ மோட்டார் வண்டியோ உண்டென முன்கூட்டியே கருதிக்கொள்கின்றன. சூரியத் தகடு அத்தீவுகளின் முகில் வானத்தின்கீழ் நம்பத்தக்கதன்று. அல்கலைன் மின்கலங்களை இடும் தட்டு இவற்றினும் மேலானது. சாதாரண கடையிலும் அக்கலங்கள் கிடைக்கும். அத்தட்டுகளிற் சில கருவியைக் குறைந்த வலுவுக்குள் முடக்கிவிடும் என்பதைப் புறப்படுமுன் அறிந்திருத்தல் அவசியம்.

குளிரில் இலித்தியம் சோர்வுறும். உறைநிலைக்குக் கீழ் அதற்கு மின்னேற்றலாகாது. இரவிற் பொதியை உடையினுள் வைத்திருப்பர். உப்புப் படிந்த முனைகளிற் மின்னோட்டம் பாய்ந்தால் உலோகம் அரிக்கும். நன்னீரிற் கழுவி உலர்த்திய பின்னரே மின்னேற்ற வேண்டும்.

1912இல் டைற்றானிக் மூழ்கியதன் விளைவாக 1914இல் கடல்வழி உயிர்ப்பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. அதன் வழிவந்த இன்றைய விதிகளின்படி, சர்வதேசப் பயணத்தில் ஈடுபடும் பெருங்கப்பல்களின் உயிர்காப்புப் படகு வானொலிக்கு முத்திரையிட்ட மின்கலம் வேண்டும். பேச்சுக்கு ஒரு பங்கு, ஏனையவற்றுக்கு ஒன்பது பங்கு என்ற விகிதத்தில், உச்ச வலுவில் 8 மணித்தியாலம் அது நின்று பிடிக்க வேண்டும். அன்றாட உரையாடலுக்காக அம்முத்திரை உடைக்கப்படுவதில்லை. கப்பல் முதலாளியின் பெருந்தன்மையால் வந்ததன்று இது. உயிர்ப்பலிக்குப் பின் சட்டத்தாற் பெறப்பட்டது. துடுப்புக்காரன் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றான். அவனுக்குப் பாதுகாப்பு விலைகொடுத்து வாங்கும் பண்டமே.

எனவே அவ்விதியைத் தானே தனக்கு விதித்துக்கொள்வது நன்று: நிறைய மின்னேற்றிய இரண்டாவது பொதியொன்றை நீர்புகாப் பையிலிட்டு, உரையாடலுக்கு எடுக்காது கைக்கெட்டும் இடத்தில் வைத்தல். கூட்டாகச் செல்வோருக்கு இன்னொரு வழியுமுண்டு. நால்வரில் ஒருவர் முறைவைத்துச் செவிமடுக்க, மற்றையோர் கருவியை அணைத்து உடலோடு கட்டிவைக்கலாம். ஒரு நிறுவனத்தின் பொதி மற்றொன்றின் கருவியிற் பொருந்துவது அரிது. ஆகவே நால்வரும் ஒரே வகைக் கருவியைக் கொண்டிருந்தாலன்றி ஒருவரது மின்கலம் மற்றவருக்கு உதவாது.