கதவு திறந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஐரோப்பாவில் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் பலர் செய்வது இரண்டே காரியம்: கவுன்டரில் சத்தம் போடுவது, பிறகு நீட்டுகிற வவுச்சருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு வந்து சேர்வது. சேர வேண்டிய காசு அந்தக் கையெழுத்தோடு போய்விடுகிறது.

பிராங்ஃபர்ட்டிலிருந்து மாட்ரிட் சுமார் 1,420 கிலோமீட்டர். லிஸ்பன் சுமார் 1,870. பறக்கும் நேரத்தில் ஏறத்தாழ அரை மணிதான் வித்தியாசம். ஆனால் மூன்று மணி தாமதத்துக்கு மாட்ரிட் பயணிக்கு 250 யூரோ, லிஸ்பன் பயணிக்கு 400. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பார்ப்பது தூரத்தை. டிக்கெட்டை 30 யூரோவுக்கு வாங்கினீர்களா என்று அது கேட்பதில்லை. 1,500 கிலோமீட்டர்தான் கோடு.

தூரம் என்றால் சாலைத் தூரமல்ல, விமானம் சுற்றிப்போன தூரமுமல்ல. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்கள், பறந்தது 1,656 கிலோமீட்டர் என்று 400 யூரோ கேட்டார்கள். புறப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் நேர்த்தூரம் 1,326தான், எனவே 250 என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது நிமிடக் கணக்கு. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் போன ஒரு விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிற்குமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற நேரமே வந்து சேர்ந்த நேரம் என்று 2014-இல் தீர்ப்பானது. ஆகவே கதவு திறக்கும்போது பெட்டியை இழுக்க முண்டியடிக்காமல், கைப்பேசியில் மணியைப் படமெடுங்கள்.

இழப்பீடு கேட்கும் கடிதம் டிக்கெட் விற்ற ஏஜென்சிக்கு அல்ல, விமானத்தை ஓட்டிய நிறுவனத்துக்கு. போர்டிங் பாஸில் ‘ஆப்பரேட்டட் பை’ என்ற பொடி எழுத்தைப் பாருங்கள். விமான எண், தேதி, பதிவுக் குறியீடு, தாமதம், தொகை, வங்கிக் கணக்கு: இவ்வளவு போதும். புயல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு இழப்பீடு இல்லை. ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஒரே வரியில் பதில் வந்தால் அடங்கிவிடாதீர்கள்; வழக்கமான பழுது அந்த விலக்கில் வராது. சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது வேறு உரிமை. இழப்பீட்டுக்குப் பதிலாக வவுச்சர் என்றால் மட்டும் கையெழுத்து வேண்டாம். உங்கள் கையெழுத்து இல்லாமல் வவுச்சரைத் தலையில் கட்ட அவர்களால் முடியாது.

ஜெர்மனியில் இரண்டு மாதம் பதிலில்லையென்றால் பெர்லினிலுள்ள பயண–போக்குவரத்துச் சமரச மன்றத்துக்குப் போகலாம், பயணிக்குச் செலவில்லை. பிரவுன்ஷ்வைக்கிலுள்ள விமானத் துறை அலுவலகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அது மேற்பார்வை அலுவலகம், உங்களுக்காக ஒரு யூரோகூட வசூலித்துத் தராது. இதை அந்த அலுவலகம் தன் இணையதள முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? இழப்பீட்டில் பங்கு கேட்கும் இடைத்தரகு நிறுவனங்களும் விமான நிறுவனத்துக்கு மேலே சொன்ன அதே கடிதத்தைத்தான் எழுதுகின்றன.

இந்திய பாஸ்போர்ட் தடையில்லை. பாரிஸிலிருந்து சென்னைக்கு எந்த நிறுவனத்தில் கிளம்பினாலும் விதி பொருந்தும். சென்னையிலிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவனமென்றால் மட்டுமே.

கெடு நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் ஐந்து ஆண்டு. ஜெர்மனியில் பயணம் செய்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று: 2023 ஏப்ரலில் தாமதமான விமானத்துக்கு 2026 டிசம்பர் 31 வரை.