நெறி கட்டும் இடத்தில் நடப்பது

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். வள்ளூரிலும் மீஞ்சூரிலும் இதற்கு யாரும் கலங்குவதில்லை. புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும். ஆனால் அந்தச் சில நாட்களில், நெறியாக வீங்கிய நிணநீர்க் கணுவுக்குள் நடப்பது உடலின் மிகத் துணிச்சலான வேலை.

கிருமிக்குப் பொருந்தும் எதிர்ப்பொருளைத் தேடி, அங்குள்ள பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் தம் மரபணுவைத் தாமே மாற்றுகின்றன. ஏய்ட் என்ற நொதி, எதிர்ப்பொருள் மரபணுவில் வழக்கத்தைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் பிழைகளை உண்டாக்குகிறது. பிழையால் பலன் கண்ட செல் பெருகும். மற்றவை, அதாவது பெரும்பாலானவை, மாண்டுபோகும்.

இந்தத் துணிச்சல் சில நேரம் புற்றுநோயில் முடியும். 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் உள்ள வள்ளூரில் புற்றுநோய் என்றதும் சாம்பலும் புகையும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்தக் கவலையை நான் தள்ளவில்லை. ஆனாலும் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயின் முதல் வெட்டு பல நேரம் நமக்குள்ளேயே விழுகிறது.

எலும்பு மஜ்ஜையில் பி செல் உருவாகும்போதே மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை தொடங்கிவிடும். வெட்டுப்பட்ட முனை இடம் மாறி ஒட்டினால், 18ஆம் குரோமோசோமின் பிசிஎல்2 மரபணு 14ஆம் குரோமோசோமுக்குப் போய், எதிர்ப்பொருள் மரபணுவின் பக்கத்தில் ஓயாமல் இயங்கும். அது சாவைத் தடுக்கும் மரபணு. சாக வேண்டிய செல் பிழைத்துக்கொள்கிறது. ஃபாலிக்குலர் லிம்போமா பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. வியப்பு என்னவென்றால், இந்த இடமாற்றம் கொண்ட செல்கள் நோயே வராத பலரின் ரத்தத்திலும் உண்டு. புற்றாக மாற மேலும் பல பிழைகள் சேர வேண்டும்.

1832இல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த லிம்போமாவின் மூலச்செல் எதுவென்று தெரிய 160 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் கட்டியில் புற்றுச்செல் நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும். மற்றதெல்லாம் கூடிவந்த சாதாரணச் செல்கள். 1994இல் ஜெர்மனியில் ரால்ஃப் கியூப்பர்ஸ் குழுவினர் அந்தப் புற்றுச்செல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து மரபணுவைப் படித்தார்கள். அவையும் பி செல்களே.

மூலச்செல் தெரிந்தால் மருந்து தேடலாம். பல பி செல் லிம்போமாக்களின் மேற்பரப்பில் இருக்கும் சிடி20 புரதத்தைப் பிடித்துத் தாக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தை, ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007 முதல் இங்கேயே தயாரிக்கிறது.

நம் ஊர்களில் கழுத்தில் நெறி கட்டினால் காசநோயாகவும் இருக்கலாம், லிம்போமாவாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியாது. வலியில்லாத நெறி வாரக்கணக்கில் வற்றாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். லிம்போமா என்ற சந்தேகம் வந்தால், ஊசியில் உறிஞ்சிய சில செல்கள் போதாது; கூடுமானவரை கணுவை முழுதாக எடுத்துத்தான் சோதிப்பார்கள். செல்கள் எப்படி அணிவகுத்திருக்கின்றன என்பதும் அவற்றின் பிறப்பைச் சொல்லும்.