உப்பு மண்ணும் எருமைப் பாலும்: கட்ச் புல்வெளியின் கதை

குஜராத்தில், கட்ச் மாவட்டத் தலைநகரான புஜ்ஜுக்கு வடக்கே, உப்புப் பாலையான ரண்ணை ஒட்டிக் கிடக்கிறது பன்னீ புல்வெளி. பரப்பு சுமார் 2,500 சதுர கிலோ மீட்டர். கோடையில் பார்ப்பவர்கள் "வெறும் தரிசு" என்று சொல்லிவிடுவார்கள். இந்தத் தரிசை நம்பித்தான் மால்தாரி எனப்படும் கால்நடை வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள்.

மண்ணின் குணம்

இது ஆறுகள் கொண்டு வந்து சேர்த்த வண்டல் மண். உப்புக் கலந்தது. மழை ஆண்டுக்குச் சராசரி 300 மில்லி மீட்டர் அளவுதான். தரை சமமாக இருப்பதால் தண்ணீர் ஓடாமல் தேங்கும்; மேல்மண்ணின் உப்பைக் கரைத்துக் கீழே இறக்கும். உடனே புல் தழைக்கும். வெயில் ஏறினால் ஈரத்தோடு உப்பும் மேலே வந்து தரை வெளுத்துவிடும்.

குடிநீருக்கு மால்தாரிகள் பள்ளமான இடங்களில் 'விர்தா' எனும் ஆழமில்லாத ஊற்றுக் கிணறு தோண்டுகிறார்கள். அடியில் இருப்பது உப்புநீர். மழைநீர் எடை குறைந்ததால் அதன் மேல் மிதந்து நிற்கும். அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர், பேராசைப்பட்டால் உப்பு.

வந்தது முள்மரம்

ரண்ணின் உப்பு பரவாமல் தடுக்க, 1961-ம் ஆண்டில் வனத்துறை இங்கே சீமைக்கருவேல் நட்டது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத அதே மரம்தான்! இங்குள்ளவர்கள் அதற்கு வைத்த பெயர் 'காண்டோ பாவல்'. அதாவது பைத்தியக் கருவேல். மாடுகள் நெற்றைத் தின்றன. சாணத்தோடு விதை பரவியது. இன்று பன்னீயில் பாதிக்கு மேல் இந்த மரத்தின் பிடியில் இருக்கிறது. மரம் அடர்ந்த இடத்தில் புல் இல்லை. தெற்கிலிருந்து வரும் ஆறுகளில் அணைகள் கட்டியதால், உப்பைக் கழுவும் வெள்ளமும் குறைந்துவிட்டது.

ஆனால் இந்த மரத்தைக் கரியாகச் சுட்டு விற்றுப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. ஆகவே ஒரே நாளில் தீரும் விஷயம் அல்ல இது.

ஏரா, எருமையா?

பன்னீ எருமை இரவில் மேய்ந்துவிட்டு, காலையில் கறவைக்குத் தானே வீடு திரும்பும். 2010-ம் ஆண்டில் இது தனி இனமாக அங்கீகாரம் பெற்றது.

புல்வெளியில் சிலர் வேலி போட்டு உழவு செய்யத் தொடங்கினர். மால்தாரிகள் வழக்குத் தொடுத்தனர். ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி 2021-ம் ஆண்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

உழுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். புல் போர்வை போல மண்ணை மூடியிருக்கிறது. அதைக் கிழித்தால் ஈரம் விரைவில் காயும். உப்பு மேலே ஏறும். சில ஆண்டுகளில் புல்லும் இல்லை, பயிரும் இல்லை என்ற நிலை வரும்.

முள்மரத்தை வேரோடு எடுத்து, மேய்ச்சலை நிறுத்தி வைத்த இடங்களில் புல் திரும்ப வந்திருக்கிறது. வெறுமனே வெட்டிய இடத்திலோ மரம் மறுபடி துளிர்க்கிறது. முள்ளை எடுத்த நிலத்தை ஏருக்குக் கொடுக்காமல் எருமைக்கே விடுவதுதான் இந்த மண்ணுக்கு ஏற்ற வழி.