மோட்டார் மட்டும் போதாது

அசையாமல் நிற்கும் ஒரு குவளைத் தண்ணீருக்குள் மூலக்கூறுகள் நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் பாய்ந்து, முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. திசைக்கொன்றாக ஓடுவதால் ஒன்றின் அசைவை இன்னொன்று அழித்துவிடுகிறது. எனவே மூலக்கூறின் அசைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் வேலையை வாங்க வேண்டுமானால், நன்றாக அசையும் மூலக்கூறைச் செய்துவிட்டால் மட்டும் ஆகாது. அதை எதோடு பிணைக்கிறோம் என்பதில்தான் வெற்றி இருக்கிறது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பென் ஃபெரிங்காவின் குழு, ஒளியாலும் வெப்பத்தாலும் ஒரே திசையில் சுழலும் மூலக்கூறு மோட்டாரை 1999இல் உருவாக்கியது. கரைசலில் தனித்தனியாக மிதக்கும்வரை அத்தகைய மோட்டார்களால் எதையும் நகர்த்த முடியாது. 2006இல் அதே குழு, எடையில் ஒரு சதவீத அளவே இவ்வகை மோட்டாரைத் திரவப் படிகப் படலத்தில் கலந்தது. திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்பவை. மோட்டாரின் வடிவம் மாறியதும் அணிவகுப்பே திரும்பியது. படலத்தின்மேல் கிடந்த, மோட்டாரைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிய கண்ணாடிக் குச்சியும் சுழன்றது. 2015இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் நிக்கோலா ஜியூசெப்போனின் குழு, பாலிமர் இழைகள் சந்திக்கும் முடிச்சுகளில் மோட்டார்களை வைத்து ஒரு ஜெல்லைச் செய்தது. புறஊதா ஒளியில் இழைகள் முறுக்கிக்கொள்ள, ஜெல்லின் கனஅளவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஊரே கூடினாலும் வடம் இல்லாமல் தேர் நகராது. இங்கே படிகத்தின் ஒழுங்கும் ஜெல்லின் வலையுமே வடம்.

ஒளி பட்டால் எப்பொருளும் சூடேறும், அந்தச் சூட்டின் விளைவை மோட்டாரின் கணக்கில் எழுதலாமா என்று கேட்கலாம். அந்தக் குச்சி ஒளியில் வலஞ்சுழியாகவும், ஒளியை நிறுத்தி மூலக்கூறின் வடிவம் மீண்டும் மாறியபோது இடஞ்சுழியாகவும் சுழன்றது. வெறும் சூட்டுக்கு இப்படி இடம் வலம் தெரியாது. நம் தசையோடு ஒப்பிட்டால் இவை மிகவும் மந்தமானவை என்பது இன்னொரு குறை. உண்மைதான், ஆனால் தசையின் திறமைக்கும் காரணம் அடுக்குதான். மயோசின் புரதம் ஒரு தடவை இழுப்பது சில நானோமீட்டர் தூரமே. கோடிக்கணக்கான மயோசின்கள் வரிசை பிசகாமல் இழுப்பதால்தான் கை உயர்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க் ஜெல் முறுக்க மட்டுமே தெரிந்ததாக இருந்தது. முறுக்கைப் பிரிக்கும் இன்னொரு மூலக்கூறை வலையில் சேர்த்தபின், 2017இல் அது மீண்டும் விரியவும் கற்றது. மூலக்கூறு இயந்திரங்களுக்காக ஃபெரிங்கா, சோவாஜ், ஸ்டோடார்ட் மூவரும் 2016இல் நோபல் பரிசு பெற்றனர். மோட்டார் செய்யும் கலை கைவந்துவிட்டது. இனி வளர வேண்டியது அவற்றை அடுக்கும் கலை.