கோயில் சொல்லும் மறை – 9: எரியும் இருதயம்

வில்லியனூர் மாதா குளத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கிருந்து புதுச்சேரி நகருக்குத் திரும்பும் வழியில்தான் ரெட்டியார்பாளையம். அந்தப் பங்கின் பாதுகாவலர் புனித அந்திரேயா. பழைய ஜெபப் புத்தகங்களில் பெலவேந்திரர். பெருக்கல் குறிபோலச் சாய்ந்த சிலுவை அவருக்கு அடையாளம். வேலைக் கண்டால் முருகன் என்கிறோமே, அதே முறைதான் இங்கும். சாவி இருந்தால் இராயப்பர், வாள் இருந்தால் சின்னப்பர், லீலி மலரோடு நின்றால் சூசையப்பர், தட்டில் இரண்டு கண்களை ஏந்தினால் லூசியா. பெயர் எழுதிவைக்கத் தேவையே இல்லை.

இவ்வளவு தெரிந்துகொண்டு ரயில் நிலையத்தின் அருகே உள்ள திருஇருதய ஆண்டவர் ஆலயத்துக்குள் போங்கள். 1902இல் தொடங்கிய வேலை 1907இல் முடிந்தது. 2011இல் பசிலிக்கா ஆனது. கூர்மாட வளைவுகள், 24 பெருந்தூண்கள். வாசலுக்கு மேலே சாலமோனின் ஆலயத்தைப் பற்றிய குறிப்பேடு நூல் வசனம் லத்தீனில் இருக்கிறது. உள்ளே வண்ணக் கண்ணாடிகளில் திருஇருதய பக்தர்கள் 28 பேர். வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்களை ஒரே பக்தி ஒரே கூரையின்கீழ் நிறுத்தியிருக்கிறது.

அந்த இருதயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். புதுச்சேரியில் எத்தனையோ வீடுகளின் முன்கூடத்தில் சிவப்பு விளக்கின் மேலே தொங்கும் அதே படம்தான். பக்கவாட்டில் ஈட்டி குத்திய காயம், சுற்றிலும் முள்முடி, உச்சியில் தீச்சுவாலை, அதன் நடுவே சிறு சிலுவை. முள் பாடு, தீ அன்பு. முள் குத்தியும் தீ அணையவில்லை என்பதே இந்தப் படம் சொல்லும் மறை. பிரான்சின் பாரே-லெ-மோனியால் கன்னியர் மடத்தில் 1673 முதல் மார்கரீத் மரியாள் கண்ட காட்சிகளால் இந்த வடிவம் பரவியது. பிரெஞ்சுக் குருக்கள் அதை நம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தலைவெள்ளி பூசைக்கு வருகிற நம் மீனவப் பெண்ணுக்கு அது சொந்தப் படம்.

படத்தை ஏன் கண்ணாடியில் வைத்தார்கள்? சுவர்ச் சித்திரத்தின் மேல் வெளிச்சம் விழும். கண்ணாடிச் சித்திரமோ வெளிச்சத்தாலேயே ஆனது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் துண்டு வெட்டி, முகத்தின் கோடுகளைக் கருஞ்சாயத்தால் தீட்டி, சூளையில் சுட்டு, ஈயப்பட்டையால் இணைப்பது பழைய முறை. கதிர் கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவுவதை மாதாவின் கன்னித்தாய்மைக்கு உவமையாக எடுத்தார்கள் நடுக்கால மறையுரையாளர்கள். எனக்குத் தெரிந்து, அந்த மறைபொருளை இதைவிட எளிமையாக யாரும் விளக்கியதில்லை.

ஆகவே பங்குப் பேரவையினருக்கு ஒரு விண்ணப்பம். கோயிலில் பழைய சன்னல் விரிசல் விட்டால், செலவு குறைவு என்று வண்ணத்தாள் ஒட்டிய கண்ணாடியை மாட்டிவிடாதீர்கள்; கைவினை தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்களே, ஒரு ஞாயிறன்று மின்விளக்குகளை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை அந்தச் சன்னல்களின் கீழே உட்காரவையுங்கள். யார் கையில் என்ன இருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும்.

(தொடரும்)