கடன் வேறு, மறதி வேறு: உணவு நடை கற்பிக்கும் மொழிப்பாடம்

ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒரு வட்டாரத்தின் தெருக்களைக் காலால் நடந்து சுற்றி, வழியிலுள்ள கடைகளில் சிறிது சிறிதாக உண்டு, அந்த வட்டாரத்தை அறிந்துகொள்வது உணவு நடை எனப்படுகிறது. ஊரை நடந்து அறியும் வழக்கம் இந்த நூற்றாண்டில் பல நகரங்களில் வேரூன்றியிருக்கிறது. கனடாவின் தொராண்டோவில், நகரவியல் அறிஞர் ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007-இல் குடிமக்களே வழிநடத்தும் நடைகள் தொடங்கின. சென்னையில் 2004 முதல் ஆகஸ்டு 22-ஐ ஒட்டிக் கொண்டாடப்படும் சென்னை தினத்தில் மரபு நடைகளும் உணவு நடைகளும் இடம்பெறுகின்றன. மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-இல் தொடங்கிய பசுமை நடை பலரும் அறிந்தது. கோலாலம்பூரிலும் டத்தாரான் மெர்டேக்கா, கம்போங் பாரு ஆகிய இடங்களில் வழிகாட்டியுடன் கூடிய மரபு நடைகள் நடைபெற்றுள்ளன.

இந்நடைகள் பெரும்பாலும் கட்டடத்தையோ சுவையையோ பின்தொடர்கின்றன. உணவின் பெயரைப் பின்தொடரும் நடையைப் பற்றியது இக்கட்டுரை. நம் மாணவர்கள் வீட்டிலும் கடையிலும் வழங்கும் உணவுச் சொற்களை வகுப்பறையில் நாம் இருவகையாக நடத்துகிறோம். ஒன்று, அவை அனைத்தையும் கொச்சை என்று ஒதுக்குகிறோம். அல்லது, பேச்சுவழக்கு அப்படித்தான் என்று கண்டுகொள்ளாமல் விடுகிறோம். இரண்டிலும் ஓர் அடிப்படை வேறுபாடு மறைந்துபோகிறது. ஒரு மொழி கடன் வாங்குவது வேறு. தன் சொல்லை மறப்பது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர் தாமே காண்பதற்கு உணவு நடை நல்ல களம்.

இலக்கணம் தரும் இடம்

சொல்லை அது குறிக்கும் பொருளோடு சேர்த்தே ஆராய வேண்டும் என்ற கொள்கை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானிய மொழி பேசும் நாடுகளில் வலுப்பெற்றது. ருடோல்ஃப் மெரிங்கர், ஹூகோ ஷூகார்ட் ஆகியோர் அதன் முன்னோடிகள். 'சொற்களும் பொருள்களும்' என்னும் பொருள்படும் பெயரிலேயே 1909-இல் ஓர் ஆய்விதழும் வெளிவரத் தொடங்கியது. ஏரையும் அடுப்பையும் நேரில் பாராமல் அவற்றின் பெயர் வரலாற்றை எழுத முடியாது என்பது அவர்களுடைய நிலை.

நம் இலக்கண மரபும் இதற்கு இடம் தருகிறது. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களின் வழக்கைத் திசைச்சொல் என்று கொண்டது. பின்வந்த நன்னூல், பிறமொழி வழங்கும் நிலங்களின் சொற்களையும் அவ்வகையில் அடக்கியது. அயல்நிலச் சொல் தமிழில் வந்து வழங்கும் என்பதை இலக்கணிகள் மறுக்கவில்லை. அதற்குப் பெயரிட்டு, வகைப்படுத்தினார்கள். நாம் மலேசியத் தமிழுக்குச் செய்ய வேண்டியதும் அதுவே.

ஒரே தண்டவாளம், மூன்று ஊர்கள்

நடைக்கு ஏற்ற மூன்று இடங்கள் ஒரே கொமுட்டர் ரயில் தடத்தில் உள்ளன: பிரிக்பீல்ட்ஸ், ஷா ஆலம், கிள்ளான். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து 1886-இல் திறக்கப்பட்ட பாதையின் வழித்தோன்றலே இத்தடம்.

பிரிக்பீல்ட்ஸ் தன் பெயரைச் செங்கற் சூளைகளிலிருந்து பெற்றது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பின், நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்ட இங்குச் சூளைகள் எழுந்தன. பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளப் பணிக்குத் தமிழகத்திலிருந்தும், எழுத்தர், நிலைய அதிகாரி போன்ற பணிகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழர் வந்து குடியேறினர். மலையாளிகளும் தெலுங்கரும் சீனரும் உடன் வாழ்ந்தனர். அந்த வட்டாரம் 2010 அக்டோபரில் 'லிட்டில் இந்தியா'வாக முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

ஒரு குவளைக்குள் மூன்று மொழிகள்

ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு கடையில் அமர்ந்து, "அண்ணே, ஒரு தே ஓ கோசோங்" என்று கேட்டுப் பாருங்கள். பாலும் சீனியும் இல்லாத தேநீர் வரும். இத்தொடரில் 'தே' என்பதும், கறுப்பைக் குறிக்கும் 'ஓ' என்பதும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தவை. 'கோசோங்' என்பது 'வெறுமை' எனப் பொருள்படும் மலாய்ச் சொல். விளிச்சொல்லும் எண்ணும் தமிழ்.

அடுத்த மேசையில் ஒரு மலையாளி அதே பானத்தைச் 'சாயா' என்பார். தமிழகத்திலிருந்து அண்மையில் வந்தவர் 'டீ' என்பார். யாழ்ப்பாண வழியினர் 'தேத்தண்ணீர்' என்பர். நான்கும் இறுதியில் சீனாவையே சென்றடைகின்றன. ஹொக்கியன் மொழியின் 'தே' தென்சீனக் கடல் துறைமுகங்களின் வழியாகப் பரவியது. 'சா' என்னும் வடிவம் பிற சீனக் கிளைமொழிகளிலிருந்து நிலவழியாகவும் வேறு வணிகர் வழியாகவும் பரவியது. தமிழகத்தின் 'டீ' ஆங்கிலம் சுற்றி வந்த 'தே'தான். ஆகவே, 'டீ' சரி, 'தே' கொச்சை என்று கருத மொழியியல் அடிப்படை எதுவும் இல்லை. நம் 'தே' ஊற்றுக்கு அருகில் நிற்பது.

'கோப்பி'யும் இத்தகையதே. மலாயின் 'கோப்பி'யும் இலங்கைத் தமிழின் 'கோப்பி'யும் டச்சு வழி வந்தவை எனக் கொள்வர். மலாக்காவையும் இலங்கைக் கரையோரத்தையும் டச்சுக்காரர் ஆண்டதை நினைவிற் கொள்ளலாம். தமிழகத்தின் 'காப்பி' ஆங்கில வழியது. மாணவர் கட்டுரையில் 'கோப்பி'யைச் சிவப்பு மையால் அடிக்கும்போது, அடிபடுவது பிழையா, வரலாறா என்று நாம் ஒரு கணம் எண்ண வேண்டும்.

கறி என்னும் சொல்லின் பயணம்

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "கறி என்றால் உங்களுக்கு என்ன?" சங்க நூல்களில் 'கறி' மிளகைக் குறித்தது. பின்னர், சோற்றுடன் சேர்த்துண்ணும் தொடுகறிக்கு ஆனது. இன்று தமிழகத்தில் பலருக்கு அது இறைச்சி. சில வீடுகளில் காய்ப்பொரியல். யாழ்ப்பாண மரபினருக்கு அது சோற்றோடு வரும் எந்தக் குழம்புக்கும் பொதுப்பெயர். காய்கறிக்கு அவர்கள் 'மரக்கறி' என்பர். மலாய் மொழி இச்சொல்லைக் 'காரி' என எடுத்துக்கொண்டது. கறிவேப்பிலை அங்கே 'டாவுன் காரி' ஆயிற்று. ஒரே தெருவில் மூன்று கடைக்காரர் இக்கேள்விக்கு மூன்று விடை தருவர். பொருள் மாற்றம் என்ற பாடத்தை நடத்த இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

தமிழ் கொடுத்தவற்றையும் மாணவர் காண வேண்டும். மலாயின் 'கெடாய்' நம் 'கடை'. 'அப்பம்', 'புட்டு', 'தயிர்', 'முருங்கை', 'மாங்காய்' ஆகியவை முறையே 'ஆப்பம்', 'பூத்து', 'தைரு', 'மெருங்காய்', 'மங்கா' என மலாயில் வழங்குகின்றன. தமிழ் வாங்கும் மொழி மட்டுமன்று, வழங்கும் மொழியும் ஆகும் என்பதை அறிந்த மாணவருக்குக் கடன் பற்றிய கூச்சம் இராது.

கிள்ளானும் ஷா ஆலமும்

கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா தமிழர் கடைத்தெரு. அதைச் சுற்றியுள்ள நகரம் ஹொக்கியன் சீனரின் வலுவான வாழிடம். 2024-இல் தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்ட 'பா குட் தே' கிள்ளானின் அடையாளம். அப்பெயரின் பொருள் 'இறைச்சி, எலும்பு, தேநீர்'. பிரிக்பீல்ட்ஸ் குவளையில் கண்ட அதே 'தே' இங்கே வேறோர் உணவின் பெயரில் நிற்கிறது. ஓர் இணைப்பை இரண்டாவது ஊரில் தாமாகவே கண்டுபிடிக்கும்போது மாணவர் அடையும் மகிழ்ச்சி தனி. 'மீ', 'மீகூன்', 'குவே தியாவ்' ஆகியனவும் ஹொக்கியன் மூலத்தவை; தமிழர் கடைப் பட்டியலிலும் இவை தமிழ் எழுத்தில் இயல்பாக அமர்ந்துவிட்டன.

ஷா ஆலமின் நிலை வேறு. அது திட்டமிட்டு எழுப்பிய நகரம்; 1978-இல் சிலாங்கூரின் தலைநகரானது; தெருக்கள் 'செக்சன்' எண்களால் அறியப்படுகின்றன. பழைய கடைத்தெரு அங்கில்லை. ஆனால், அந்நிலத்தில் முன்பு ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இருந்தன. மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயரை இன்று ஒரு தமிழ்ப்பள்ளி சுமந்து நிற்கிறது. இங்கு நடையின் களம் கடைப்பலகை அன்று, முதியவரின் நினைவு. தோட்டத்துச் சொற்களை அவர்களிடமே கேட்டறிய வேண்டும்: விடியுமுன் கூடிய 'பெரட்டு', சீவப்பட்ட 'பால்மரம்', வேலையிடையே நிகழ்ந்த 'பசியாறல்'.

இக்கடைசிச் சொல் தனிக்கவனத்துக்கு உரியது. "பசியாறிவிட்டீர்களா?" என்று மலேசியத் தமிழர் கேட்டால் காலை உணவையோ சிற்றுண்டியையோ கருதுவர், நண்பகல், இரவு உணவுக்குச் 'சாப்பிடுதல்' என்பர். தமிழகத்து முஸ்லிம்களின் பேச்சிலும் 'பசியாறல்' காலை உணவையே குறிக்கிறது. தூய தமிழ் வேர்களால் அமைந்த இச்சொல் இருக்க, நம் பிள்ளைகள் பலர் 'பிரேக்ஃபாஸ்ட்' என்கின்றனர். பாடநூலில் 'காலைச் சிற்றுண்டி' என்று படிக்கின்றனர். இடையில் பாட்டியின் சொல் நழுவுகிறது.

பிரித்தறியும் முறை

எது கடன், எது மறதி என்பதை எப்படி அறிவது? ஒரு சொல்லை ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையிடம் கேட்டால் போதும். மூவரும் அயற்சொல்லையே வழங்கி, வேறு தமிழ்ச்சொல் அறியாராயின் அது கடன். 'பெலாச்சான்', 'மீகூன்' போன்றவை பொருளோடு வந்த பெயர்கள். அவற்றால் தமிழுக்கு இழப்பில்லை. மூவரும் இரு சொல்லும் அறிந்து, கேட்பவருக்கு ஏற்ப மாற்றி வழங்கினால் அது மாற்று வழக்கு. கண்டோனியச் சீனத்தின் 'தாப்பாவ்' அத்தகையது. தமிழர் கடையில் "கட்டிக் கொடுங்கள்" என்பவரே சீனர் கடையில் 'தாப்பாவ்' என்பார். பாட்டியிடம் தமிழ்ச்சொல் இருந்து, பேரனிடம் அது இல்லையாயின், அதுவே மறதி. பாட்டிக்கு நெத்திலி, பேரனுக்கு 'ஈக்கான் பிலிஸ்'. அவருக்குக் கணவாய், இவனுக்குச் 'சோத்தோங்'. அவருக்கு வல்லாரை, இவனுக்குப் 'பெகாகா'. திருத்தம் தேவைப்படுவது இந்த மூன்றாம் வகைக்கே. அதையும் சிவப்பு மை திருத்தாது; பொருளைக் கையில் கொடுத்துப் பெயரைச் சொல்வதே திருத்தும்.

நடத்துவோர்க்குச் சில குறிப்புகள்

பத்து அல்லது பன்னிரண்டு பேர், இரண்டு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் என்பது வசதியான அளவு. வெயில் ஏறுமுன், நண்பகல் கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். மாணவரின் உணவு விலக்குகளை முன்னதாகக் கேட்டறிந்து கடைகளைத் தேர்ந்தெடுங்கள். ஏதேனும் வாங்கிய பின்னரே கேள்வி கேளுங்கள்; ஒலிப்பதிவு செய்வதாயின் ஒப்புதல் பெறுங்கள்.

ஏட்டில் ஐந்து பத்திகள் போதும்: பொருள், சொல்பவர் வழங்கும் பெயர், பலகையில் உள்ள பெயர், சொல்பவரின் பூர்வீக ஊர், அவர் தாயார் வழங்கிய பெயர். "இதன் சரியான தமிழ்ப் பெயர் என்ன?" என்று கேட்காதீர்கள், பேசுபவர் உடனே தம் சொல்லை மறைத்து ஏட்டுச் சொல்லைத் தேடுவார். "இதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்பதே கேள்வி.

வழியில் கேட்கும் சொல்வரலாற்றுக் கதைகளை அப்படியே ஏற்க வேண்டாம். 'ரொட்டி சானாய்' சென்னையிலிருந்து வந்ததால் அப்பெயர் பெற்றது என்பர் சிலர்; மாவைப் பரப்பித் தேய்த்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே அது என்பர் வேறு சிலர். நகரின் ஆங்கிலப் பெயர் 1996 வரை 'மெட்ராஸ்' என்பது முதற் கருத்துக்கு எதிர். தமிழர் நாவில் 'சென்னைப்பட்டணம்' அதற்கு முன்பே இருந்தது என்பது அதற்குத் துணை. இரு பக்கச் சான்றையும் எழுதிவைத்து, முடிவைத் திறந்தே விடுவது நல்ல ஆய்வுப் பயிற்சி. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவற்றை உள்ளடக்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாடு 2024-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. உணவு பட்டியலில் ஏறிவிட்டது. அதைச் சுட்டும் வீட்டுச் சொற்களைத் தொகுக்கும் வேலை நம்முடையது.

தொலைவில் தொடங்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள ஒட்டுக்கடையிலிருந்து தொடங்குங்கள். ஓராண்டில் நான்கு நடைகள் நடத்தினால் ஒரு பள்ளிக்கு ஒரு சிறு சொற்றொகுதி கிடைக்கும். முதல் நடைக்குச் செல்லுமுன், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டின் மூத்தவரிடம் பத்து உணவுப் பெயர்களைக் கேட்டு எழுதிவரட்டும். ஐந்தாம் பத்தியை நிரப்பக்கூடியவர்கள் அவர்களே.